அந்த உயரக் கோடு எதை அளக்கிறது?

கோடை விடுமுறைக்கு ஆர்லாண்டோ போகிறோம், பிள்ளைகளுக்கு டிஸ்னி வேர்ல்டைக் காட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது டிக்கெட் விலையை அல்ல. “சின்னவன் எத்தனை சென்டிமீட்டர்?” என்பதைத்தான். பெரும்பாலும் பதிலாக வயதுதான் வரும்: “நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது.” டிக்கெட் வாங்க அது போதும். டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது முதல் ஒன்பது வயதுவரை குழந்தைக் கட்டணம். ஆனால் ரைடு வாசலில் வயதைச் சொல்லி உள்ளே போக முடியாது. அங்கே ஓர் அளவுகோல் நிற்கும். உச்சந்தலை அந்தக் கோட்டைத் தொட்டால் போகலாம். தொடாவிட்டால், எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

டம்போ யானை ராட்டினத்துக்கு உயரக் கட்டுப்பாடே இல்லை. பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டருக்கு 35 அங்குலம், அதாவது 89 செ.மீ. வேண்டும். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97. டவர் ஆஃப் டெரருக்கு 102. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112. அதே ஊரில் யுனிவர்சல் பூங்காவில் இருக்கும் ஹல்க் கோஸ்டருக்கு 137. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதில் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 103 செ.மீ., ஐந்து வயதில் 110, பத்து வயதில் 138. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உங்கள் பிள்ளைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது பாதி தெரிந்துவிடும்.

பெற்றோர் பலர் இந்த எண்களைப் பயத்தின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். “எங்க பொண்ணு எதுக்கும் பயப்பட மாட்டா, அவள ஏத்தலாமே” என்று பணியாளரிடம் வாதாடுவது அதனால்தான். டவர் ஆஃப் டெரரைப் பாருங்கள். பேய் பிடித்த ஓட்டலின் லிஃப்ட், இருட்டில் சரேலென்று கீழே விழும். பெரியவர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். அதற்கு 102 போதும். இருட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடும் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 வேண்டும். பயத்தை வைத்து எண் போட்டிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும்.

கோடு அளப்பது தைரியத்தை அல்ல, உடம்பை. இருக்கையில் உங்களைப் பிடித்து வைக்கிற கம்பியோ பெல்ட்டோ பிள்ளையின் உடம்பில் சரியான இடத்தில் போய் உட்காருமா என்பதுதான் கேள்வி.

பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுநர் பிரேக் போடாமல் வேகத்தடையைத் தாண்டியிருந்தால் உங்களுக்குத் தெரியும், இருக்கை கீழே போகும், நாம் மேலேயே இருப்போம். ரோலர் கோஸ்டர் ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நடப்பதும் அதுதான், பல மடங்கு வேகத்தில். அந்த நொடியில் இருக்கை உங்களைத் தாங்குவதில்லை. மடிமேல் வந்து இறங்கும் லேப் பார் கம்பிதான் தாங்குகிறது. அது பிடிப்பது தொடையை. தொடை போதிய நீளமும் கனமும் உள்ளதாக இருக்க வேண்டும், முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்க வேண்டும், பாதம் தரையிலோ மிதிபலகையிலோ ஊன்ற வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குக் கால் நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பிக்கு அடியில் வழுக்கி வெளியே வர ஒன்றும் தடையில்லை.

தொடைதான் முக்கியம் என்பதற்கு 2011-இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு சாவு சாட்சி. ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் உயரமான கோஸ்டரில் ஏறினார். கால்கள் இருப்பவர்கள் மட்டுமே ஏறலாம் என்று பூங்காவே விதி வைத்திருந்தும் யாரும் தடுக்கவில்லை. கம்பிக்குப் பிடிமானம் கிடைக்காமல் தூக்கி எறியப்பட்டு இறந்தார். வளர்ந்த ஆள், துணிச்சலான ஆள். எந்திரத்துக்கு அது எதுவும் தெரியாது.

குழந்தையின் உடம்பு பெரியவரின் உடம்பைச் சிறிதாக்கிச் செய்ததல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால்வாசி; வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசையோ இன்னும் முற்றவில்லை. திடீரென்று வளைவில் திரும்பினால் தலை ஆடுகிற ஆட்டம் நமக்கு ஒன்று, அதற்கு வேறு. அடுத்து இடுப்பு. நமக்கு பெல்ட் தங்குவது இடுப்பெலும்பின் முன்பக்க மேட்டில். அந்த மேடு ஏறக்குறைய பத்து வயதுவரை சரியாக உருவாவதில்லை. அதனால் சின்னப் பிள்ளைக்கு பெல்ட் வழுக்கி மேலேறி, எலும்பில்லாத வயிற்றை அழுத்தும். காரில் அவர்களை உயரப்படுத்தி உட்கார வைக்கத் தனி இருக்கை போடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். தோள்வழியாக இறங்கும் கவசம் உள்ள கோஸ்டர்களில் இன்னொரு சிக்கல். தோளில் உட்கார வேண்டியது குட்டைப் பிள்ளைக்குக் காதருகே வந்து நிற்கும், ஒவ்வொரு குலுக்கலிலும் தலை அதில் மோதும்.

அப்படியானால் எண்ணை யார் போடுகிறார்கள்? ரைடைச் செய்யும் நிறுவனம்தான். அமெரிக்காவில் 1978-இல் தொடங்கிய ஏஎஸ்டிஎம் எஃப்24 குழு இதற்கான தரங்களை வகுக்கிறது. ரைடு எந்தத் திசையில் எவ்வளவு விசை தருகிறது என்று பார்த்து, பிடிமானத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் கம்பியே தேவையில்லை. ஐந்தாவதில் ஒரு பூட்டு பழுதானாலும் இன்னொன்று பிடிக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன உயரத்தைப் பூங்கா கூட்டலாம். குறைப்பது அதன் வேலையல்ல.

எண் ரைடின் பெயருக்கல்ல, அந்த எந்திரத்துக்கு என்பது ஸ்பேஸ் மவுண்டனிலேயே தெரியும். ஆர்லாண்டோவில் 1975-இல் திறந்ததற்கு 112 செ.மீ. வேண்டும், கலிஃபோர்னியாவின் அனாஹைமில் 1977-இல் திறந்ததற்கு 102 போதும். ஆர்லாண்டோவில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். அனாஹைமில் இருவர் பக்கத்தில் பக்கத்தில். பாதையும் வேறு, பெட்டியும் வேறு. “கலிஃபோர்னியாவில ஏத்தினாங்களே” என்று ஆர்லாண்டோவில் சண்டை போட்டுப் பயனில்லை.

வயதை ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஐந்து வயதுப் பையன்களில் 101 செ.மீ. உள்ளவனும் உண்டு, 119 உள்ளவனும் உண்டு. இரண்டுமே ஆரோக்கியமான வளர்ச்சிதான். கம்பிக்கு இருவரும் ஒன்றல்ல. எடையும் உதவாது, அது தொடையின் நீளத்தைச் சொல்லாது. கம்பத்தின் பக்கத்தில் நிறுத்தி ஒரே நொடியில் பார்த்துவிடக்கூடியது உயரம் மட்டும்தான்.

நம் ஊரில் இதில் ஒரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. பல பூங்காக்களில் நுழைவுக் கட்டணமே உயரத்தை வைத்துத்தான். வொண்டர்லாவில் 85 செ.மீ.-க்குக் கீழே இலவசம், அதிலிருந்து 140 வரை குழந்தைக் கட்டணம். டிக்கெட் கவுன்டரில் “கொஞ்சம் குனிஞ்சு நில்லு” என்று காதில் சொல்லப்படும் பிள்ளைக்கு, ரைடு வாசலில் “எக்கி நில்லு” என்று சொல்லப்படுகிறது. முதல் கோட்டில் போவது பணம். இரண்டாவதில் பிள்ளையின் உயிர். செருப்புக்குள் துணி மடித்து வைப்பது, தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக் கூட்டிப்போவது, கொண்டையை உயர்த்திக் கட்டுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு செ.மீ. துணி வைத்தால் தொடை நீளாது.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக, தலைமேல் ஒரு புத்தகத்தைப் படுக்கை வாட்டில் வைத்துக் கோடு போடுங்கள். காலையில் அளப்பதைவிட மாலையில் உயரம் கொஞ்சம் குறையும், ஒரு செ.மீ. வரைகூட. அதனால் மாலை அளவையே நம்புங்கள். கோட்டைச் சரியாகத் தொடும் பிள்ளை என்றால் அந்த ரைடுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

உயரம் தேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2021-இல் கொலராடோவில் ஒரு பூங்காவில் ஆறு வயதுச் சிறுமி, போட வேண்டிய பெல்ட்டுகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பணியாளர்கள் கவனிக்கவில்லை, ரைடு கிளம்பிவிட்டது, அவள் உயிர் போனது. ஆகவே பிள்ளையின் கம்பியை நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இருவருக்கும் பொதுவான ஒரே கம்பி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும், பக்கத்தில் பிள்ளைக்குக் கையளவு இடைவெளி இருக்கும். சந்தேகமாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்னவளுக்கு உயரம் போதாது, பெரியவன் ஏறத் துடிக்கிறான் என்றால் டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் சின்னவளோடு வெளியே நிற்க, மற்றவர்கள் ஏறி வந்தபின், நின்றவர் மறுபடி முழு வரிசையில் காத்திருக்காமல் ஏறலாம். காத்திருக்கும் நேரத்தில் சின்னவளை டம்போவுக்குக் கூட்டிப்போங்கள்.

பயணத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள். இன்று 107 இருப்பவளுக்கு ஸ்பேஸ் மவுண்டன்தான் ஆசை என்றால், டிக்கெட்டை அடுத்த கோடைக்குப் போடுங்கள்.