உங்களுக்குத் தெரியுமா? வரப்போரத்து ஊசித்தட்டான்

தட்டான் என்று நாம் கடந்துபோகும் பூச்சிகளில் பாதி ஊசித்தட்டானாக இருக்கலாம். பிரித்தறிய அது உட்காரும்வரை பொறுத்தால் போதும்.

தட்டான் உட்கார்ந்தாலும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். விரித்து அமரும் சில இனங்களும் உண்டு; அப்போது கண்ணைப் பார்க்க வேண்டும். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களில் நன்றாக விலகி நிற்கும். பெரும்பாலான தட்டான்களுக்கோ அவை உச்சியில் ஒட்டியிருக்கும்.

தமிழகக் குளக்கரைகளில் எளிதில் கண்ணில் படுவது, மஞ்சள் வால் கொண்ட செரியாக்ரியான் கோரமண்டேலியானம். சோழமண்டலக் கரையைப் பெயரில் தாங்கிய இந்த இனத்தை 1798-இல் விவரித்தவர் டென்மார்க்கின் ஃபெப்ரிசியஸ்.

நெற்பயிருக்குள் குனிந்தால் இன்னொன்று கிடைக்கும்: அக்ரியோக்னெமிஸ் பிக்மியா. நீளம் ஏறக்குறைய 2 செ.மீ.தான்; புல்நுனி என்றே பலர் நினைத்துவிடுவார்கள். ஆனால் புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன் இது. இதன் இளம் பெண் பூச்சி சிவப்பாக இருக்கும், முதிர்ந்ததும் பச்சையாகிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது ஆபத்து!

ஊசித்தட்டான், தட்டான் இரண்டின் குஞ்சுகளும் நீருக்குள் வளர்பவை. வால்நுனியில் இலைபோல மூன்று செவுள்கள் இருந்தால் அது ஊசித்தட்டான் குஞ்சு. தட்டான் குஞ்சுக்கு அவை கிடையாது.

தேடிப் போகிறவர்கள் வெயில் ஏறியபின், நாணலும் கோரையும் அடர்ந்த கரைகளில் மெல்ல நடக்கலாம். வலை வேண்டாம். கைபேசியில் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்; இனம் காண அது பெரும்பாலும் போதும்.