ஸ்டோன்வேர் தட்டில் ரசம் சாதம் சாப்பிடலாமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈக்காட்டுத்தாங்கலில் வாடகை ஃபிளாட், கணவன் மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள் என்றால், எவர்சில்வர் தட்டை ஓரங்கட்டிவிட்டு, கையால் செய்த ஸ்டோன்வேர் செட்டை ஆன்லைனில் தேடுகிறார்கள். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் அது தாங்குமா?

ஸ்டோன்வேர் என்றால் என்ன?

அதற்கேற்ற களிமண்ணைச் சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டால், அது பாதி உருகி, கல்லைப் போல இறுகிவிடும். தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. மண்பானை இதைவிடக் குறைந்த சூட்டில் வேகிறது. அதனால்தான் நீர் கசிந்து, பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஸ்டோன்வேர் நமக்குப் புதுசும் இல்லை. பாட்டி வீட்டில் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக இருந்த ஊறுகாய் ஜாடியும் இந்த ரகம்தான்.

புதுச்சேரிக்கு என்ன தொடர்பு?

அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். டெபோரா, ஜப்பானின் பிஜென் ஊரில் இக்கலையைக் கற்றவர். இவர்களிடம் பயின்ற பலர் பின்னர் சொந்தப் பட்டறை வைத்தார்கள். 'பாண்டிச்சேரி பாட்டரி' என்ற பெயர் பிரபலமானது இப்படித்தான்.

ஏன் இவ்வளவு விலை?

சக்கரத்தில் வனைந்த தட்டு முதலில் நன்றாகக் காய வேண்டும். பிறகு ஒரு முறை சுட்டு, மெருகுப் பூச்சில் முக்கி, மறுபடியும் சுட வேண்டும். ஈரத்தில் இருந்த அளவு 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிடும். நடுவில் வளைந்ததும் விரிசல் விட்டதும் கழிவில் போகும். அந்த நஷ்டமும் சேர்ந்ததுதான் விலை.

உண்மையான கவலை எது?

மண் அல்ல, மேலே இருக்கும் பூச்சு. தரமற்ற பூச்சில் ஈயம், காட்மியம் இருந்தால், புளியும் எலுமிச்சையும் தக்காளியும் அவற்றைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்த்துவிடும். ஐ.எஸ்.ஓ. 6486 என்ற சர்வதேசச் சோதனையில், பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு கரைந்தது என்று அளக்கிறார்கள். உயர் சூட்டில் வேகும் ஸ்டோன்வேர் பூச்சுக்கு ஈயம் தேவையில்லை என்பது ஆறுதல்.

வாங்கும்போது

* 'ஃபுட் சேஃப்' என்ற ஸ்டிக்கரோடு நின்றுவிடாமல், ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.
* வீட்டில் எலுமிச்சைத் துண்டை ஒரு ராத்திரி தட்டில் வைத்துப் பாருங்கள். நிறம் மங்கினால் அதில் சாப்பாடு வேண்டாம். மங்காவிட்டால் ஈயமே இல்லை என்று அர்த்தமில்லை.
* பூச்சில் முடிக்கீறல் தெரிந்தால், அது அலங்காரத்துக்கு மட்டும்.
* தங்க விளிம்பு வைத்தது மைக்ரோவேவுக்கு ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டை உடனே சூடாக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: போட்டோவில் அழகாகத் தெரியும் தட்டையான தட்டில் ரசம் நிற்காது. விளிம்பு சற்று உயர்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.