பிளாக்கில் ஒரு பழைய கம்ப்யூட்டர்



1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பெயர் பிபிசி மைக்ரோ. 1981-ல் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி வெளியிட்டது. இங்கே மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் செய்தது.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தேகம், "சிபியூ பெட்டி எங்கே?" அப்படி ஒன்று கிடையவே கிடையாதுங்க! கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். திரைக்கு டி.வி., புரோகிராமைப் பதிய டேப் ரிக்கார்டர் கேசட். பி மாடலின் நினைவகம் வெறும் 32 கேபி. செல்போனில் எடுக்கும் 3 எம்பி போட்டோ ஒன்றே அதைப் போல 96 மடங்கு!

அறிவியல் கண்காட்சிக்கு இதைத்தான் தம்பியின் பில்டிங் பிளாக்கில் கட்டினேன்.

முதலில் அளவு. நிஜ கீபோர்டில் விசைக்கு விசை 19 மி.மீ. பிளாக்கில் குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., லெகோவிலும் இதே அளவுதான். ஒரு விசைக்கு ஒரு குமிழ் என்று வைத்தேன். கம்ப்யூட்டரின் அகலம் சுமார் 400 மி.மீ. அதை 19-ஆல் வகுத்தால் 21 வரும். இரட்டைப்படை என்றால்தான் பிளாக் ஒழுங்காக உட்காரும், அதனால் 22 குமிழ். பின்னால் மூன்று அடுக்கு, முன்னால் ஒரே அடுக்கு.

கஷ்டம் எங்கே வந்தது தெரியுமா? கீபோர்டில் விசைகள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக இருக்காது, வரிசைக்கு வரிசை கொஞ்சம் தள்ளி இருக்கும். பழைய டைப்ரைட்டரில் விசைகளுக்கு அடியிலிருந்த கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க அப்படி வைத்தார்களாம். பிளாக்கின் குமிழோ கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேராக நிற்கும். மூன்று தடவை பிரித்துக் கட்டினேன், கால்குலேட்டர் மாதிரியே இருந்தது. அழுகையே வந்துடுச்சு. கடைசியில் பனியன் அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையாக வெட்டி, விசைகளை அதில் ஒட்டி, ஒவ்வொரு பட்டையையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். "இது போங்கு" என்றான் தம்பி. போங்குதான், ஆனா இப்போதான் கீபோர்டு மாதிரி இருக்கு.

உடம்புக்கு வெள்ளை, விசைக்குக் கறுப்பு. மேல்வரிசையில் எஃப் 0 முதல் எஃப் 9 வரை பத்து சிவப்பு விசைகள். சிவப்பு ஒன்பதுதான் இருந்தது. பத்தாவதைத் தம்பி ஒளித்து வைத்திருந்தான். அதற்கு என் வாசனை ரப்பரைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மாடல் அறிவியல் அறை அலமாரியில் இருக்கு. எல்லோரும் வந்து பாருங்க, எஃப் 0-வை மட்டும் யாரும் பிடுங்காதீங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி