மாத்திரை ஏன் கேட்கவில்லை?

சத்தியவேட்டில் ஒருவருக்குத் தொண்டைப் புண் என்று வைத்துக்கொள்வோம். எரித்ரோமைசின் மாத்திரை சாப்பிடுகிறார். குணமாகவில்லை. ஏன்?

கிருமியின் உடம்பில் புரதம் செய்யும் பட்டறை உண்டு. அதன் பெயர் ரைபோசோம். அது ஆர்.என்.ஏ. என்ற பொருளாலும் புரதத்தாலும் ஆனது. இதை ஆராய்ந்து 2009-இல் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

மருந்து அந்த ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டும். பட்டறை நின்றுவிடும். கிருமி பெருகாது.

சில கிருமிகள் தந்திரம் செய்கின்றன. மருந்து ஒட்டும் இடத்தில் மெத்தில் என்ற சிறு இரசாயனத் துணுக்கைச் சேர்த்துவிடுகின்றன. பூட்டின் துளையில் மெழுகை அடைத்தால் சாவி நுழையுமா? அதுபோல மருந்து ஒட்டாது.

சாதாரணச் சளிக்கெல்லாம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மற்றக் கிருமிகள் சாகும். தந்திரக் கிருமிகள் பிழைத்துப் பெருகும். பிறகு பெரிய நோய் வந்தால் மருந்து கேட்காது.

டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.