பூட்டி வைத்ததால் பிழைத்த ஊமைப்படம்
- நமது தேவ்நார் நிருபர்

பழைய சாமானின் மதிப்பை தேவ்நார்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1927ல் மும்பை நகரின் குப்பையைக் கொட்டத் தொடங்கிய இடம் இது. தகரம், தாமிரம், பிளாஸ்டிக் என்று தரம் பிரித்து பங்கார் கடையில் எடைக்குப் போட்டுக் குடும்பம் நடத்துவோர் நம்மில் பலர். ஆனால் எடைக்குப் போடக் கூடாத பழைய சாமான் ஒன்று உண்டு. அதுதான் சினிமாப் படச்சுருள்.

நம் நாட்டில் சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. இன்று முழுதாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பதைத் தாண்டா. அந்தக் காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பிடிக்கும். சுருளில் வெள்ளிச் சத்தும் உண்டு. ஓடி முடிந்த படத்தை வெள்ளிக்காக உருக்கினார்கள். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' போயிற்று. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நாம் பிழைக்க வந்த இதே மும்பையில் எடுக்கப்பட்டது. அதற்கும் ஒரு பிரதி இல்லை!

நாகர்கோவில் முதலாளி

தப்பிப் பிழைத்த ஒன்று நம் நாகர்கோவில்காரர் எடுத்த படம். அன்று அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956ல்தான். அங்கே ஆர்.சுந்தர்ராஜ் என்பவர் பணம் போட, பி.வி.ராவ் இயக்கிய படம் 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி.ராமன் பிள்ளை 1891ல் வெளியிட்ட மலையாள நாவலே கதை.

1933ல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வெளியானது. நாவலின் உரிமை கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. அனுமதியின்றி எடுத்ததாக அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். படம் நின்றது. சுருள் புத்தகக் கடைக்காரர் வசமானது. போட்ட பணத்தோடு சுந்தர்ராஜின் சினிமா ஆசையும் போயிற்று.

அந்தப் படம் அழிந்தே போனது என்று எண்ணியிருந்த காலத்தில், 1974ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. சுருள் அத்தனை வருடமும் அந்தப் புத்தகக் கடைக்காரரிடமே கிடந்திருக்கிறது. தியேட்டர் தியேட்டராக ஓடியிருந்தால் தேய்ந்து, கடைசியில் உருக்குப் பட்டறைக்குத்தான் போயிருக்கும். முதலாளியை முடக்கிய வழக்கே படத்துக்கு உயிர்ப்பிச்சை அளித்தது!

நாம் செய்யக்கூடியது

புத்தகக் கடையில் கிடந்தது போல, பழைய தகர டப்பாவில் எந்தப் படம் எங்கே கிடக்கிறதோ! ஸ்டுடியோவும் தியேட்டரும் இடிபடும்போது அவற்றின் சாமான்கள் பங்கார் கடைக்குத்தான் வருகின்றன. வட்டமான டப்பாவில் சுருள் கண்டால் உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள். பீடி, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். தாதரில் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரப் பயணம்தான். இரண்டு கிலோ தகரத்தின் விலைக்குக் 'காளிதாஸ்' போய்விடக் கூடாது, பாருங்கள்.