ரத்தம் கெட்டால் சோதனை பொய் சொல்லும்!

அவிநாசிப் பக்கத்துப் பனியன் தொழிலாளியைக் கேளுங்கள். "நூல் பழுதானால் பனியனும் பழுது" என்பார். மருத்துவ ஆராய்ச்சிக்குச் சேமித்து வைக்கும் ரத்தமும் அப்படித்தான்.

வீட்டு ஐஸ் பெட்டியில்

சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் யோசனைப்படி, எய்ட்ஸ் கிருமியைத் தேடினார். 80-க்கு மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். அதிலிருந்து சீரம் என்னும் தெளிந்த நீரைப் பிரித்தார். வைக்க இடம் இல்லை. தம் வீட்டு ஐஸ் பெட்டியிலேயே வைத்தார்!

1986 பிப்ரவரியில் கணவருடன் ரெயிலேறி, அதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார். ஆறு பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. ரத்தம் கெட்டிருந்தால் அந்த முடிவை நம்பியிருக்க முடியுமா?

நல்லதா, கெட்டதா?

நிபுணர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். சீரம் இளமஞ்சளாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால், ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். பிறகு குறிப்பேட்டைப் புரட்டுகிறார்கள். எப்போது எடுத்தது? எத்தனை முறை உருகி, மீண்டும் உறைந்தது?

நீண்ட காலம் காக்க, பூஜ்யத்துக்கும் கீழே 80 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். மின்சாரம் நின்று உருகிவிட்டால், பல ஆண்டு உழைப்பு வீணாகும். நோய் இருந்தும் 'இல்லை' என்று சோதனை சொல்லக்கூடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!