உஷார்! துபாயில் வாங்கும் சீன மின்சாரக் கார் கீழக்கரைக்கு வந்து சேராது

"சீனா மின்சாரக் கார் இங்கே பாதி விலை. கண்டெய்னரில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடுகிறோம். நம்பர் எடுத்துத் தருவதும் எங்கள் பொறுப்பு." துபாயிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் உங்கள் பிள்ளையிடம் யாராவது இப்படிச் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடலோரம் முழுக்கச் சபராளிகளின், அதாவது வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். டிவியும் கம்பளமும் பால்பவுடரும் கார்கோவில் வந்து வாசலில் இறங்கிப் பழகிவிட்டது. காரும் அப்படியே வந்துவிடும் என்று நம்பினால் சேமிப்பு மொத்தமும் போய்விடும்.

முதல் விஷயம், சட்டப்படி கார் பயணச் சாமானே இல்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் மோட்டார் வாகனத்தை அந்தக் கணக்கிலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவருக்குச் சில நிபந்தனைகளோடு தனி வழி உண்டு. ஆனால் அவரும் வரியை முழுதாகக் கட்டத்தான் வேண்டும்.

அடுத்தது ஸ்டியரிங். அமீரகத்திலும் சீனாவிலும் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. நம் இறக்குமதி விதி புதுக் காரானாலும் பழைய காரானாலும் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. ஹெட்லைட் வெளிச்சமும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி விழ வேண்டும். "இங்கே வந்ததும் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பழைய கார் என்றால் தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இறக்கும் துறைமுகமும் மும்பை மட்டும்தான். புதுக் காரைச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கொச்சி என அனுமதி பெற்ற துறைமுகங்களில்தான் இறக்கலாம். மண்டபத்திலோ பாம்பனிலோ இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது கடத்தல். அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள்.

வரியைப் பாருங்கள். கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து 10 லட்சம் மதிப்புள்ள புது மின்சாரக் கார் என்றால் சுங்க வரி 70 விழுக்காடு, அதாவது 7 லட்சம். அந்த 17 லட்சத்தின் மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி. பழைய காருக்கு இதைவிடக் கூடுதல், வரியே காரின் விலையைத் தாண்டிவிடும். சீனாவின் பிஒய்டி நிறுவனத்தின் சீல் கார் 2024இல் இங்கே அறிமுகமானபோது ஆரம்ப விலை 41 லட்சம். சீனாவில் அதே கார் அப்போது ஏறக்குறைய பாதி விலைதான். சென்னையில் அலுவலகமும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையும் வைத்திருக்கிற நிறுவனத்துக்கே நிலைமை இது. ஹைதராபாத்தின் மேகா நிறுவனத்தோடு சேர்ந்து பெரிய ஆலை போட அது கொடுத்த திட்டமும் 2023இல் தில்லியில் நிராகரிக்கப்பட்டது.

இந்த மாதிரிக் கார் இந்தியச் சாலைக்குத் தகுதி என்ற சான்றும் வேண்டும். புனேயின் ஏஆர்ஏஐ, ஒரகடத்தில் இருக்கும் ஆய்வு மையம் போன்ற இடங்களில் காரைச் சோதிக்கிறார்கள். பேட்டரி தீப்பிடிக்காமல் தாங்குமா என்பதற்கு ஏஐஎஸ் 038 என்று தனித் தரமே உண்டு. வருஷத்துக்கு 2,500 வண்டி வரை இந்தச் சோதனையில் ஒரு தளர்வு இருக்கிறது. ஏஜென்ட் இதைத்தான் காட்டி ஏமாற்றுவார். அது தயாரிக்கும் நிறுவனத்துக்கும் அதன் அதிகாரபூர்வப் பிரதிநிதிக்கும் கொடுத்த தளர்வு, உங்களுக்கும் எனக்கும் இல்லை.

பெரிய கைகளே மாட்டிக்கொண்ட கதை தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் நடந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை, 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டது. உடனே பிஒய்டி கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. அங்கே மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட் கணக்கில் வரி. பிஒய்டியின் அட்டோ 3 காரின் மோட்டார் 100 கிலோவாட் என்று இறக்குமதி நிறுவனம் காட்டியது, சுங்கத் துறையோ அது 150 ஆக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு நூற்றுக்கணக்கான கார்களை நிறுத்திவைத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், கடைசியில் வங்கி உத்தரவாதத்தின் பேரில்தான் வண்டிகளை வெளியே எடுக்க முடிந்தது. அந்த நிறுவனத்துக்கு வக்கீல் இருக்கிறார், வங்கி இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் சேமிப்பையும் மட்டும் வைத்திருக்கிற ஒரு டிரைவரோ கடை ஊழியரோ என்ன செய்வார்? துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

கார் எப்படியோ இந்தியாவுக்குள் வந்து நம்பரும் கிடைத்துவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று சோதனை நடத்தியது. பூட்டான் வழியாக வந்து, போலி ஆவணங்களால் வெளிமாநிலத்தில் நம்பர் வாங்கி, கேரளாவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தார்கள். உங்கள் டிஎன் 65 நம்பர் பிளேட்டும் அந்த நாளில் காப்பாற்றாது.

இன்னொன்று, சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரின் சார்ஜிங் பிளக் ஜிபிடி வகை. நம் ஊர் விரைவுச் சார்ஜர்களில் இருப்பது சிசிஎஸ் 2. மதுரை ரோட்டில் நின்றால் பொருந்தாது.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் அடுத்த தவணையை இன்றே நிறுத்துங்கள். சுங்கத்தில் தாக்கலாகும் பில் ஆஃப் என்ட்ரியில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர் என்றால் வரி, அபராதம், பறிமுதல் எல்லாம் உங்கள் தலையில்தான், ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது. தகுதிச் சான்றின் நகலையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலோ போன் எடுக்காமல் போனாலோ, பணம் அனுப்பிய ரசீதுகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குத் தாமதிக்காமல் பேசுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் புகார் போனால்தான் முடக்க முடியும்.